கோடு தெரியக் கூடாதுன்னு சொன்னது நான்தான்

வழக்கமா குச்சிக்கிழங்கு, மாடு, மழைன்னு எழுதுறவன் இன்னைக்கு வீட்டுத் தரையைப் பத்தி எழுதப் போறேன். காரணம் இருக்கு.

போன வாரம் சேலத்துல ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். மூணாவது மாடியில ஃபிளாட். ஹால் நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவுத்து வெச்சிருந்தாங்க. "அங்க மிதிச்சிராதீங்க சித்தப்பா, டைல்ஸ் தூக்கிக்கிச்சு"ன்னு அந்தப் பையன் சொன்னான். கூடவே, "டைல்ஸ் ஒட்டுன ஆளு நல்லா ஏமாத்திட்டான்"னு ஒரு வார்த்தை. அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. இதே வார்த்தையை நானும் ஒரு காலத்துல சொன்னவன். சொல்லிட்டு அதுக்காக வெட்கப்பட்டவன்.

2024 ஏப்ரல் கடைசி. எங்க பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நாள் கணக்கா நின்ன வருஷம் அது. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். வேப்ப மரத்தடியில கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். வீட்டுக்குள்ள 'டமார்'னு ஒரு சத்தம். கேஸ் சிலிண்டர் வெடிச்சிருச்சுன்னு நினைச்சு, வேட்டியை அள்ளிப் பிடிச்சுக்கிட்டு ஓடினேன்.

உள்ள போய்ப் பார்த்தா, ஹால் நடுவுல ஒரு வரிசை டைல்ஸ் கூடாரம் போட்ட மாதிரி ரெண்டு பக்கமும் சாய்ஞ்சு நிக்குது. அதுக்கு மூணு அடி தள்ளி, பாய் விரிச்சு எங்க அம்மா படுத்திருந்தாங்க. 80 வயசைத் தாண்டினவங்க. சில்லு ஒண்ணு தெறிச்சு அவங்க கணுக்கால்ல கீறி ரத்தம் வந்திருந்தது. எழுந்து உட்கார்ந்துக்கிட்டு, "யாருடா அது வீட்டுக்குள்ள பட்டாசு வெச்சது?"ன்னு கேக்குறாங்க. வழக்கமா அவங்க படுக்குறது அந்த வரிசைக்கு மேலதான். அன்னைக்கு ஃபேன் காத்து அந்தப் பக்கம் வரலைன்னு நகர்ந்து படுத்திருக்காங்க. அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயித்தைக் கலக்கும்.

சத்தம் கேட்டு ஊர் கூடிருச்சு. ஆளாளுக்கு ஒரு காரணம். பங்காளி ஒருத்தர், "கீழ பாம்புப் புத்து இருக்கும்"னார். இன்னொருத்தர், "வாஸ்து சரியில்லை, ஜோசியரைப் பாரு"ன்னார். நிலநடுக்கம்னு ஒரு பையன் போன்ல தேட ஆரம்பிச்சுட்டான். டைல்ஸ் வாங்கின கடையில போய்க் கேட்டா, "கல்லுல குறை இல்லீங்க, ஒட்டுன வேலையில குறை"ன்னு கையை விரிச்சுட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே டீக்கடையில மேஸ்திரியைப் பார்த்தேன். நாலு பேர் முன்னாடி, "என் காசை வாங்கிட்டு இப்படி ஏமாத்திட்டீங்களே, எங்கம்மா உயிர் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னு கேட்டுட்டேன். அவர் பதில் பேசலை. டீ கிளாஸைப் பாதியில வெச்சுட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். எங்க ஊர்ல 20 வருஷமா கல்லு ஒட்டுறவர். அடுத்த வாரமே, பேசி முடிச்சிருந்த ஒரு வீட்டு வேலை அவர் கையை விட்டுப் போச்சு. என் வாய்தான் காரணம்.

எனக்கு விஷயம் புரிஞ்சது என் அக்கா பையன் போன்ல பேசினப்பத்தான். சிங்கப்பூர்ல கட்டட வேலையில இருக்கான். படம் அனுப்பினதும் சிரிச்சான். "மாமா, இது பாம்பும் இல்ல, பேயும் இல்ல. 2018 ஜனவரியில இங்க எத்தனை வீட்டுல இப்படி ஆச்சு தெரியுமா?"ன்னான். அந்த மாசம் சிங்கப்பூர்ல பல நாள் விடாம மழை. வழக்கமா பகல்ல 30 டிகிரிக்கு மேல போற ஊர்ல 22 டிகிரி பக்கம் குளிர் இறங்கிடுச்சு. வீவகன்னு சொல்ற அரசாங்க அடுக்குமாடி வீடுகள்ல பல இடத்துல தரை டைல்ஸ் திடீர்னு வெடிச்சுத் தூக்கியிருக்கு. வெப்பம் சட்டுன்னு மாறினதும் ஒரு காரணம்னு அந்தக் கழகமே விளக்கம் சொல்லியிருக்கு. அங்க குளிர்ல ஆனது, இங்க கோடையில ஆயிருக்கு. சங்கதி ஒண்ணுதான்.

அது என்னன்னு என் அறிவுக்கு எட்டின வரைக்கும் சொல்றேன்.

நம்ம காலுக்குக் கீழ இருக்குறது அசையாத தரைன்னு நினைக்கிறோம். விவசாயிக்குத் தெரியும், அசையாத தரைன்னு ஒண்ணு கிடையாது. கோடையில கரிசக்காட்டுல விரல் போற அளவு வெடிப்பு விடும். மழை பேஞ்சா அதே மண்ணு ஊதி மூடிக்கும். கான்கிரீட்டும் கலவையும் அந்த அளவுக்கு இல்லைன்னாலும் அசையுற சாமான்தான். போட்ட கான்கிரீட் காயக் காயச் சுருங்கும். 16 அடி ஹால்னா ஏறக்குறைய 5 மீட்டர். அந்த நீளத்துக்கு ஒன்றரையில இருந்து 3 மில்லிமீட்டர் வரைக்கும் சுருங்கலாம். ஒரே நாள்ல இல்ல, மாசக் கணக்குல, வருஷக் கணக்குல.

டைல்ஸ் கதை நேர் எதிர். சூளையில வெந்து வெளிய வந்த நாள்ல இருந்து, சுட்ட மண்ணு காத்துல இருக்குற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி, மயிரிழை மயிரிழையா வளரும். செங்கல்லும் அப்படித்தான். அந்த வளர்ச்சி வெயில்ல காய வெச்சாலும் திரும்பாது. தண்ணி நல்லா உறிஞ்சுற சாதா செராமிக்ல இது அதிகம். விட்ரிஃபைடுன்னு சொல்ற, 1,200 டிகிரி பக்கம் வெந்து கண்ணாடி மாதிரி இறுகின கல்லுல இது இல்லைன்னே சொல்லலாம். ஆனா சூட்டுக்கு நீளுறது எல்லாக் கல்லுக்கும் பொது. ஜன்னல் வழியா மத்தியான வெயில் விழுந்தா மேல இருக்குற கல்லு முதல்ல சூடாகி நீளும். கீழ இருக்குற தரைக்கு அந்தச் சூடு போய்ச் சேர நேரமாகும்.

ஆக, கீழ இருக்குறது சுருங்குது. மேல இருக்குறது நீளுது. நடுவுல இடைவெளி விட்டிருந்தா அந்த இடம் இதைத் தாங்கிக்கும். இடைவெளியே இல்லாம கல்லோட கல்லு இடிக்க ஒட்டி, நாலு சுவர் ஓரத்துலயும் சிமெண்டைப் போட்டு அடைச்சிருந்தா எங்க போகும்? மேல தான் போகும்.

மில்லிமீட்டர் கணக்குல என்ன ஆகிடப் போகுதுன்னு எனக்கும் தோணுச்சு. அக்கா பையன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். நீங்களும் பேப்பர்ல போட்டுப் பார்க்கலாம். ரெண்டடி கல்லு ரெண்டு, ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு இருக்கு. ஹால் முழுக்கச் சேர்ந்த நெருக்கம் 2 மில்லிமீட்டர் அந்த ரெண்டு கல்லு மேல வந்து விழுதுன்னு வைங்க. முட்டுற இடம் எவ்வளவு உயரம் தூக்கும்? 2 மில்லிமீட்டர் இல்ல. மூன்றரை சென்டிமீட்டர்! என் வீட்டுல நான் அளந்து பார்த்தப்போ ஒரு கட்டை விரல் உயரம் தூக்கி நின்னுச்சு. கணக்கும் கல்லும் ஒத்துப் போச்சு.

அந்தக் காலத்துல மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுறதைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன். பட்டாவைச் சுத்தி விராட்டி அடுக்கிக் கொளுத்தி, பழுக்கக் காய்ச்சுவாங்க. நீண்டு அகலமானதும் சக்கரத்துல இறக்கித் தண்ணி ஊத்துவாங்க. 'சொய்ங்'னு சுருங்கி, மரத்தைக் கடிச்சுப் பிடிச்சுக்கும். எங்க ஊர் ஆசாரிக்குத் தெரிஞ்ச விஷயம், பரமத்தி வேலூர் காவிரிப் பாலத்தைக் கட்டினவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. நாமக்கல்ல இருந்து கரூர் போறப்போ அந்தப் பாலத்து மேல 'டடக் டடக்'னு வண்டி குதிக்கும் பாருங்க, பாலம் நீளவும் சுருங்கவும் விட்ட இடைவெளிதான் அது. வீட்டுத் தரைக்கு மட்டும் அது வேண்டாம்னு நாமளே முடிவு பண்ணிட்டோம்.

நெருக்கம் மட்டும் இருந்தாப் பத்தாது, கீழ பிடிப்பும் இல்லைன்னாத்தான் கல்லு இப்படி எழும்பும். பெயர்ந்த கல்லைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு சுத்தமா, துடைச்சு வெச்ச மாதிரி இருந்தது. ஒரு பொட்டு சிமெண்ட் ஒட்டலை. நான் வாங்கினது விட்ரிஃபைடு. அது தன் எடையில 0.5 சதவீதம் கூடத் தண்ணி உறிஞ்சாது. உறிஞ்சாத கல்லுல வெறும் சிமெண்ட் பால் வேர் விட முடியாது. பாறை மேல விதைச்ச கொள்ளு மாதிரிதான். போதாததுக்கு, சூளையில உருளைகள்ல ஒட்டாம இருக்கக் கல்லு முதுகுல ஒரு வெள்ளைப் பொடி பூசியிருப்பாங்க. அதைத் துடைக்காம ஒட்டினா கல்லு பிடிக்கிறது அந்தப் பொடியைத்தான், தரையை இல்ல. நம்ம வெயில்ல இன்னொரு சங்கடம். பத்துக் கல்லுக்குச் சேர்த்து முன்கூட்டியே சிமெண்ட் பாலை ஊத்தி வெச்சா, கடைசிக் கல்லு வர்றதுக்குள்ள அது ஆடை கட்டிக் காஞ்சிருக்கும்.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. 2016 ஞாபகத்துக்கு வந்தது.

தை மாசம் கிரகப்பிரவேசம்னு முகூர்த்தம் குறிச்சாச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. தரை வேலைக்கு மிச்சம் இருந்தது எட்டு நாள். தரைக் கான்கிரீட் போட்டு ஒரு மாசம் கூட ஆகலை. அப்போ மேஸ்திரி ரெண்டு விஷயம் சொன்னார். "ஏனுங்ணா, ரெண்டு மில்லி இடைவெளி விட்டு ஒட்டட்டுங்களா? இந்தக் கல்லுக்குப் பசை வாங்கி ஒட்டினாத்தான் பிடிக்கும்." நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "சம்பந்தி வீட்டுல பார்த்தேன், ஒரே கல்லு மாதிரி இருக்கு. நம்ம வீட்டுலயும் கோடு தெரியக் கூடாது. பசைக்கு வேற மூட்டை மூட்டையாச் செலவு பண்ண முடியாது. சிமெண்ட்லயே ஒட்டுங்க." அவர் ஒரு நிமிஷம் நின்னார். அப்புறம் தலையை ஆட்டிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

டீக்கடையில இதை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லலை. வயசுலயும் காசுலயும் மேல இருக்குறவன் நாலு பேர் முன்னாடி கத்தும்போது, அவங்க பேசாமப் போறதுதான் வழக்கம்னு நாம பழக்கி வெச்சிருக்கோம்.

அடுத்த நாள் காலையில அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில உட்கார்ந்து, "மேஸ்திரி, தப்பு என்மேலதான்"னு சொன்னேன். அவர், "விடுங்ணா, நானும் அழுத்திச் சொல்லியிருக்கணும். ரெண்டாவது தடவை சொன்னா வேலை வேற ஆளுக்குப் போயிரும்னு விட்டுட்டேன்"னார். என்னை யோசிக்க வெச்சது அந்த வார்த்தைதான். அதே டீக்கடைக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போய், அதே ஆளுங்க முன்னாடி நடந்ததைச் சொன்னேன். போன வேலை திரும்பி வரலை. அது என் கணக்குல நிக்குற கடன்.

என் கருத்து இதுதாங்க. டைல்ஸ் பெயர்றதுக்குப் பெரும்பாலும் கல்லு காரணமில்லை. ஒட்டுனவர் மட்டும் காரணமில்லை. சதுர அடிக்கு இவ்வளவுன்னு கூலி பேசுறோம். அதுலயும் ரெண்டு ரூபாய் குறைக்கிறோம். எத்தனை அடி ஓட்டுறாரோ அவ்வளவுதான் அவர் வீட்டு அரிசி. அப்புறம் அவர் கல்லு முதுகைத் துடைப்பாரா, முழுக்கக் கலவை பரப்புவாரா, நாலு மூலைக்கு நாலு உருண்டை வெச்சுத் தட்டிட்டுப் போவாரா? மேல தெரியுற பளபளப்புக்கு மோர்பியில இருந்து வந்த கல்லைத் தேடித் தேடி வாங்குறோம். கீழ, கண்ணுக்குத் தெரியாத அரை அங்குலத்துல மிச்சம் பிடிக்கிறோம். விதையை நல்லதா வாங்கிட்டு உழவுல மிச்சம் பிடிக்கிற விவசாயியை ஊரே சிரிக்கும். வீடு கட்டும்போது எல்லாரும் அதைத்தான் பண்றோம்.

"கோடு விட்டா அழுக்கு சேருமே"ன்னு கேப்பீங்க. என் வீட்டுக்காரம்மாவும் அதைத்தான் கேட்டாங்க. சேரும்தான். அதுக்கு எபாக்சி கிரவுட்னு ஒண்ணு இருக்கு, கறை அவ்வளவாப் பிடிக்காது. விலை கூடத்தான், ஆனா தரையைப் பெயர்த்துத் திரும்பப் போடுற செலவோட வெச்சுப் பார்த்தா ஒண்ணுமில்லை. "எங்க வீட்டுல பதினஞ்சு வருஷமா இடைவெளி இல்லாம நல்லாத்தானே இருக்கு"ன்னும் சிலர் சொல்வாங்க. சின்ன ரூமா இருக்கலாம், நல்லாப் பிடிச்சு ஒட்டியிருக்கலாம். சந்தோஷம். சிங்கப்பூர்லயும் பல வருஷம் சும்மா இருந்த தரைதான் ஒரு குளிர் வாரத்துல தூக்குச்சு.

எங்க அப்புச்சி வீட்டு ஆசாரத்துல சிவப்புக் காவி கலந்த சிமெண்டுத் தரை. ஈரம் காயறதுக்குள்ள நூல் பிடிச்சு, கட்டம் கட்டமாக் கோடு இழுத்து விட்டிருப்பாங்க. சின்னதுல அந்தக் கட்டத்துலதான் பாண்டி ஆடுவோம். அழகுக்குப் போட்டதுன்னு நினைச்சிருந்தேன். வெடிக்கிறதா இருந்தா அந்தக் கோட்டோட வெடிக்கட்டும்னு போட்டதும்தான் அது. மொசைக் தரையில நடுநடுவே கண்ணாடிப் பட்டை வைப்பாங்களே, அதுக்கும் இதே வேலைதான். பழைய ஆளுங்க கோட்டை மறைக்கலை. கோலம் மாதிரி வெளிய போட்டாங்க.

இனி வீடு கட்டுறவங்களுக்கு, என் வீட்டுல ரெண்டாவது தடவை நாங்க செஞ்சதைச் சொல்றேன்.

கல்லு முதுகுல ஒரு ஸ்பூன் தண்ணி விட்டுப் பாருங்க. உறிஞ்சினா சாதா செராமிக். அதைத் தண்ணியில ஊற வெச்சு, மேல் ஈரம் வடிஞ்சதும் சிமெண்ட்ல ஒட்டலாம். தண்ணி அப்படியே நின்னா விட்ரிஃபைடு. அதுக்குப் பசைதான். மூட்டை மேல ஐ.எஸ். 15477னு போட்டிருக்கும், உங்க கல்லுக்கு எந்த டைப்னு கேட்டு வாங்குங்க. முதுகுல இருக்குற வெள்ளைப் பொடியை ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்க. பல் வெச்ச கரண்டியால பசையை முழுக்க இழுத்துப் பரப்பணும். உருண்டை வைக்கிற வேலையே கூடாது. கல்லுக்குக் கல்லு 2ல இருந்து 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்பேசர் வெச்சு ஒட்டணும். சுவர் ஓரத்துல சுண்டு விரல் நுழையுற அளவு விட்டுடுங்க. அதுல சிமெண்டை அடைக்காதீங்க. சுவர் அடியில ஒட்டுற ஸ்கர்ட்டிங் கல்லு அதை மறைச்சிடும். பெரிய ஹால்னா 20 அடிக்கு ஒரு இடத்துல, வெயில் படுற மொட்டை மாடின்னா 10 அடிக்கு ஒரு இடத்துல, ரப்பர் மாதிரி அமுங்குற சீலண்ட் வெச்சு ஒரு கோடு விடணும்.

தரைத்தளமா இருந்தா அஸ்திவாரத்துல ரொப்புற மண்ணைக் கவனிங்க. அடுக்கு அடுக்காப் போட்டு, தண்ணி கட்டி, திமிசு போட்டு இறுக்கணும். கரிசல் மண்ணைப் போட்டு ரொப்பாதீங்க. தரைக் கான்கிரீட் போட்டு ஒரு மாசமாவது ஆகட்டும். முகூர்த்தத்துக்காகத் தரையை அவசரப்படுத்துறதை விட, அடுத்த முகூர்த்தத்தைப் பார்க்கிறது நல்லது.

ஏற்கனவே குடியிருக்கிறவங்க ஒரு குச்சியால தட்டிப் பாருங்க. 'டொக் டொக்'னு வெத்துச் சத்தம் வந்தா உடனே பயப்பட வேண்டாம். அப்படியே பல வருஷம் கிடக்குற கல்லும் உண்டு. ஆனா ராத்திரியில 'கிரிச் கிரிச்'னு சத்தம் கேட்டாலோ, கல்லு இடுக்குல இருந்து பொடி உதிர்ந்து மேல வந்தாலோ, விளிம்பு காலுல தட்டுப்பட்டாலோ விடாதீங்க. ஆளைக் கூப்பிட்டுச் சுவர் ஓரக் கோட்டை மெஷின்ல அறுத்து நெருக்கத்தை எடுத்து விடுங்க. தூக்கி நிக்குற கல்லை மிதிச்சு அமுக்கப் பார்க்காதீங்க, சில்லு கத்தி மாதிரி வெட்டும். வயசானவங்களையும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதீங்க.

சேலத்துப் பையன்கிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு ஒண்ணு கேட்டேன். "தம்பி, ஒட்டுறப்போ அவர் ஏதாவது சொன்னாரா?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "ஏதோ ஸ்பேசர் வைக்கட்டுமான்னு கேட்டாரு சித்தப்பா. வேண்டாம்னுட்டோம்"னான்.

என் வீட்டு ஹால்ல இப்போ கோடு தெரியுது. இடைவெளி விட்டு ஒட்டினது அதே மேஸ்திரிதான். இந்தத் தடவை சதுர அடிக் கணக்கு இல்ல, நாள் கூலி. அம்மா இப்பவும் மத்தியானம் அங்கதான் பாய் விரிக்கிறாங்க. படுக்குறதுக்கு முன்னாடி கையால ஒரு தட்டு தட்டிப் பார்த்துட்டுத்தான் தலையைச் சாய்க்கிறாங்க.